கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்: காலியம் நைட்ரைடையும் சிலிக்கானையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரான்சிஸ்டர்களை வேகமாகத் திறந்து மூடி ஒலிச் சைகையைப் பெருக்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்களில் நெடுங்காலமாகச் சிலிக்கான் மாஸ்ஃபெட்டுகளே (ஒருவகை டிரான்சிஸ்டர்) பயன்பட்டு வந்தன. டெக்னிக்ஸ் நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்திய எஸ்இ-ஆர்1 போன்ற கருவிகளில் காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியால் ஆன டிரான்சிஸ்டர்கள் இடம்பெற்றதிலிருந்து, எது சிறந்தது என்ற ஒப்பீடு ஓயாமல் நடந்துவருகிறது. ஒப்பிடுவதில் தவறில்லை, பெரும்பாலும் ஒப்பிடும் முறைதான் தவறாக இருக்கிறது.

முதல் தவறு, இரண்டு முழு ஆம்ப்ளிஃபயர்களை அருகருகே வைத்துவிட்டு, அவற்றிடையே தெரியும் வேறுபாடு முழுவதையும் டிரான்சிஸ்டரின் கணக்கில் எழுதுவது. 2019-இல் வெளிவந்த ப்யூரிஃபை 1இடி400ஏ சிலிக்கான் மாஸ்ஃபெட்டுகளால் ஆனது. ஆயினும் அளவீட்டில் மிகக் குறைந்த சிதைவு காட்டும் ஆம்ப்ளிஃபயர்களுள் அது ஒன்று. அதற்குக் காரணம், வெளியீட்டை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் அதன் பின்னூட்டச் சுற்று. காயிலும் கெபாசிட்டரும் கொண்ட வெளியீட்டு ஃபில்டரையும் பின்னூட்டத்துக்குள் கொண்டுவந்த வடிவமைப்பையும் அப்படிக் கொண்டுவராத வடிவமைப்பையும் ஒப்பிடுபவர், டிரான்சிஸ்டர்களை ஒப்பிடவில்லை.

அடுத்த தவறு, தரவுத்தாளில் முதலில் கண்ணில் படும் கடத்துநிலை மின்தடையை (டிரான்சிஸ்டர் கடத்தும்போது அதில் எஞ்சும் தடை) வைத்துத் தீர்ப்புச் சொல்வது. இபிசி நிறுவனத்தின் இபிசி2016சி என்ற 100 வோல்ட் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரின் அதிகபட்ச மின்தடை 16 மில்லி ஓம். ஒலித்துறையில் பெரிதும் பயன்பட்ட ஐஆர்எஃப்6645 என்ற 100 வோல்ட் சிலிக்கான் மாஸ்ஃபெட்டில் அது ஏறத்தாழ இரு மடங்கு. 8 ஓம் ஒலிபெருக்கியின் முன் இந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை. டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையான கேட்டுக்குத் தேவைப்படும் மின்னூட்டத்தைப் பாருங்கள்: முன்னதில் 3.4 நானோ கூலும், பின்னதில் சுமார் 14 நானோ கூலும். இதைவிட முக்கியமானது, சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் உள்ளேயே அமைந்த பாடி டையோடு கடத்தி ஓய்ந்தபின் அதில் தேங்கி நிற்கும் மின்னூட்டம். காலியம் நைட்ரைடில் அந்தத் தேக்கம் அறவே கிடையாது. வேகமாகவும் சுத்தமாகவும் மாறும் திறன் இங்கிருந்துதான் வருகிறது.

அந்தத் திறனால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் டெட் டைமைக் குறைக்க முடிவதே. மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் கடத்தி மின்வழங்கியைக் குறுக்குச்சுற்று ஆக்காமல் இருக்க, இரண்டையும் சற்று நேரம் அணைத்து வைக்கிறோம்; அந்த இடைவெளியே டெட் டைம். 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 2,500 நானோ விநாடி. அதில் டெட் டைம் 25 நானோ விநாடி என்றால் பிழை 1 சதவீதம். 50 வோல்ட் மின்வழங்கியில் அது அரை வோல்ட். 5 நானோ விநாடியாகக் குறைத்தால் 0.1 வோல்ட்தான். ஆனால் ஒலி மெதுவாக இருக்கும்போது, காயிலின் அலைவு மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் திசை மாறுவதால் இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஒலி உயர்ந்து, மின்னோட்டம் ஒரே திசையில் நிலைக்கும்போதுதான் அது தலைகாட்டுகிறது. எனவே 1 வாட்டில் மட்டும் சிதைவை அளந்து 'இரண்டும் ஒன்றுதான்' என்று முடிவுகட்டுவது, வேறுபாடு இல்லாத இடத்தில் தேடிவிட்டு இல்லை என்பதாகும்.

மிக அதிகமாக நடக்கும் தவறும் மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறும், சிலிக்கானுக்கென வரைந்த பலகையில் காலியம் நைட்ரைடைப் பொருத்திப் பார்ப்பது. டெட் டைமில் அது தலைகீழ்த் திசையில் கடத்தும்போது சுமார் 2 வோல்ட் வீழ்ச்சி ஏற்படும். சிலிக்கான் டையோடில் 1 வோல்ட்டுக்கும் குறைவே. பழைய நீண்ட டெட் டைமை மாற்றாமல் விட்டால், புதிய டிரான்சிஸ்டர் அந்த இடைவெளியில் கூடுதலாகவே சூடாகும். பழி பொருளின் மேல் விழும். மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு 12 வோல்ட் கொடுப்பது வழக்கம். இபிசி வகை டிரான்சிஸ்டர்களுக்கோ 5 வோல்ட்டே பரிந்துரை, 6 வோல்ட் உச்ச வரம்பு. கேட்டை இயக்கும் 5 வோல்ட் டிரைவரை வைத்தாலும் ஆபத்து முழுதாக நீங்கிவிடாது: டெட் டைமில் வெளியீட்டு முனை பூஜ்யத்துக்குக் கீழே 2 வோல்ட் இறங்குவதால், மேல் டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு மின்சாரம் தேக்கித் தரும் பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டர் வரம்பை மீறி 6 வோல்ட்டைத் தாண்டி ஏறிவிடலாம். எல்எம்5113 போன்ற டிரைவர்கள் அந்த மின்னழுத்தத்தை 5.2 வோல்ட்டில் கட்டுப்படுத்துவது இதற்காகத்தான். பலகையின் செம்புத் தடங்களில் உள்ள தூண்டலும் இதே போல் ஆபத்தானது. 10 ஆம்பியர் மின்னோட்டம் 5 நானோ விநாடியில் மாறும்போது, வெறும் 10 நானோ ஹென்றி தூண்டல் 20 வோல்ட் துள்ளலை உண்டாக்கும். சிலிக்கானைப் போல அவலாஞ்ச் நிலையில் (வரம்பு மீறிய மின்னழுத்தத்தில் கடத்தும் நிலை) அதை உறிஞ்சித் தாங்கும் உத்தரவாதமும் இங்கே இல்லை.

வேகம் கிடைத்துவிட்டதே என்று ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போவதும் சரியல்ல. 2 மெகாஹெர்ட்ஸில் 5 நானோ விநாடி டெட் டைம் மீண்டும் அதே 1 சதவீதப் பிழையைத் தருகிறது. பின்னூட்டத்தின் அகலத்தைப் பெருக்குவதற்காக அதிர்வெண்ணை உயர்த்தினால் பயன் உண்டு. மற்றபடி கேட் இழப்பும் ஒவ்வொரு மாறுதலிலும் ஏற்படும் இழப்பும்தான் கூடும்.

செயல்திறனை முழு வாட்டில் மட்டும் அளப்பதும் ஏமாற்றும். இசை பெரும்பாலும் உச்சத் திறனுக்கு வெகு கீழேயே ஓடுகிறது; ஆகவே சும்மா இருக்கும்போதும் குறைந்த ஒலியிலும் ஏற்படும் இழப்பை அளந்து ஒப்பிட வேண்டும்.

அளக்கும் கருவியிலும் கவனம் தேவை. அலைக்காட்டி ப்ரோபின் நீண்ட தரைக்கம்பியே ஒரு தூண்டல். அதன் வழியாகப் பார்க்கும் துள்ளலில் ஒரு பகுதி கம்பி உண்டாக்கியது. முனையிலேயே சுருள்கம்பித் தரையைப் பொருத்திய பிறகுதான் டிரான்சிஸ்டரின் விளிம்பைப் பற்றிப் பேசலாம். சிதைவை அளக்கும்போது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டும் ஏஇஎஸ்17 ஃபில்டர் இல்லையென்றால், ஸ்விட்ச்சிங் எச்சமும் சிதைவுக் கணக்கில் சேர்ந்துவிடும். காதால் ஒப்பிடுபவர்கள் முதலில் இரண்டு கருவிகளின் ஒலி அளவையும் மீட்டர் வைத்துச் சமன்படுத்திவிட்டு, வெளியீட்டு ஃபில்டர் பின்னூட்டத்துக்கு வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே இருந்தால், ஒலிபெருக்கி 4 ஓமா 8 ஓமா என்பதைப் பொறுத்தே உயர் சுருதிகள் தூக்கலாகவோ மங்கலாகவோ கேட்கும். அந்த வேறுபாட்டில் டிரான்சிஸ்டருக்குப் பங்கில்லை.