கேலியும் கோரிக்கையும்: இணைய விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை ஆடுகிறவர்களிடையே ‘செய்லிங்’ (கப்பலோட்டுதல்) என்ற சொல் பல ஆண்டுகளாகக் கேலிச் சொல்லாகவே இருந்தது. விளையாட்டில் புதிய திறன் எதையாவது சேர்க்கலாமா என்று யாராவது பேச்செடுத்தால், “கப்பல் ஓட்டலாமே” என்று நாலு பேர் நக்கலடிப்பார்கள். அந்த நக்கல் 2015-இல் உண்மையான வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. 2023-இல் டேமிங், ஷாமனிசம் என்ற இரண்டு போட்டி யோசனைகளை முந்தியது. வடிவமைப்பு விரிவான பிறகு மீண்டும் வாக்குக்குச் சென்று தேறி, 2025 நவம்பரில் விளையாட்டின் 24-ஆவது திறனாகக் கடலில் இறங்கியது. வீரர்களின் கிண்டலும் அவர்கள் வைக்கும் கோரிக்கையும் ஒரே கூட்டத்தின் நடுவில்தான் நடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த இரண்டிலும் நாம் செய்யும் தவறுகளை ஒன்றாக வைத்துப் பேசுவதற்கும் அதுவே காரணம்.

இந்த விளையாட்டின் பின்னணியைச் சற்றுச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனம், தன்னிடம் எஞ்சியிருந்த, ரூன்ஸ்கேப் விளையாட்டின் 2007-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று வீரர்களிடமே வாக்குக் கேட்டு, 2013 பிப்ரவரியில் இதைத் திறந்தது. அன்றுமுதல் பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் வாக்கெடுப்பு வழியாகவே வருகின்றன. தொடக்கத்தில் 75% ஆதரவு இருந்தால்தான் ஒரு யோசனை தேறும். 2022-இல் அந்த வரம்பு 70% ஆகக் குறைக்கப்பட்டது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய வரம்பில் நாலில் ஒருவருக்குச் சற்று மேல் எதிர்த்தாலே யோசனை கவிழ்ந்துவிடும். இன்றும் பத்தில் மூவருக்குச் சற்று மேல் எதிர்த்தால் போதும். ஆகவே உங்கள் பக்கம் ஏற்கெனவே இருப்பவர்களின் கைதட்டலை வைத்துக்கொண்டு எதையும் சாதிக்க முடியாது. தயங்கி நிற்பவர்தான் முக்கியம். நேற்று இரவு நீங்கள் கேலி செய்து அழவைத்த ஆளும் அந்தத் தயங்குபவர்களில் ஒருவராக இருக்கலாம்.

கோரிக்கை எழுதுவதில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு, தன் தொல்லை என்ன என்பதைச் சொல்லாமல் நேரே மருந்துச் சீட்டை எழுதிக் கொடுப்பது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், “ஒரு திறனின் உச்சமான 99-ஆம் நிலையை அடைய நேரம் மிக அதிகம் ஆகிறது, பாதியாகக் குறையுங்கள்” என்று எழுதுகிறார். ஒரு நிமிடத்துக்குள் அவருக்கு வரும் பதில், “92-தான் 99-இல் பாதி.” இது அந்த வட்டாரத்தின் மிகப் பழைய நகைச்சுவை, ஆனால் கணக்கின்படி உண்மையும்கூட. 99-ஆம் நிலைக்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் தேவை; 92-ஆம் நிலையைத் தொடும்போது சேர்ந்திருப்பது 65,17,253 மட்டுமே. கடைசி ஏழு நிலைகள் முதல் 92 நிலைகளுக்குச் சமமான உழைப்பைக் கேட்கின்றன. கேள்வி கேட்டவர் இதைப் புரிந்துகொள்ளாமல் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார், பதில் சொன்னவர் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார், கேட்டவருடைய உண்மையான தொல்லை என்ன என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

அந்தத் தொல்லை, பெரும்பாலும், நேரத்தின் நீளம் அல்ல. எந்தத் திறனில், எந்த நிலையிலிருந்து எந்த நிலை வரை, எத்தனை மணி நேரம் ஒரே வேலையைச் செய்ய நேர்ந்தது, அந்த இடைவெளியில் புதிதாக ஏதாவது திறந்ததா, கை எதைச் செய்துகொண்டிருந்தது என்று எழுதியிருந்தால் அது வடிவமைப்பாளருக்குப் பயன்படும். ரூன்கிராஃப்ட் என்ற திறன் சலிப்பின் மறுபெயராகவே நெடுங்காலம் ஏசப்பட்டது. வங்கிக்கும் பலிபீடத்துக்கும் இடையே ஓடி ஓடிக் கல்லை மாற்றும் வேலை அது. அதற்கான பதில் தேவையான புள்ளிகளைக் குறைப்பதாக வரவில்லை. 2022 மார்ச்சில் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி ரிஃப்ட்’ என்ற சிறு ஆட்டமாக வந்தது. பலர் சேர்ந்து ‘கிரேட் கார்டியன்’ என்ற காவலரைப் பாதுகாத்துக்கொண்டே அதே திறனை வளர்க்க அது வழி செய்தது. “ஓடுவது சலிப்பு” என்ற குறை தெளிவாக இருந்ததால், யாரும் கேட்காத ஒரு விடை அதற்குப் பொருந்தியது. “பாதியாகக் குறை” என்ற கோரிக்கைக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்கள்தான் உண்டு.

இதற்கு அடுத்த தவறு, “இது ஒரு வரி நிரல்தானே” என்பது. வெளியிலிருந்து பார்க்கும்போது சின்னதாகத் தெரிவது உள்ளே எதன்மேல் நிற்கிறது என்பது நமக்குத் தெரியாது. இந்த விளையாட்டின் உலகம் 0.6 விநாடிக்கு ஒரு முறைதான் துடிக்கிறது. அதை ‘டிக்’ என்பார்கள். நடப்பது, அடிப்பது, சாப்பிடுவது எல்லாம் அந்தத் துடிப்பில்தான் பதிவாகும். வேகமான விளையாட்டுகளிலிருந்து வருபவருக்கு இது தாமதமாகத் தெரியும். “டிக்கைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று எழுதிவிடுவார். ஆனால் ஒரு துடிப்புக்குள் ‘பிரார்த்தனை’ என்ற தற்காலிகப் பாதுகாப்பை ஏற்றி இறக்கும் வித்தை முதல், எதிரிகள் 69 அலைகளாக வரும் இன்ஃபெர்னோ என்ற போரில் எந்த எதிரி எப்போது தாக்கும் என்று எண்ணிக்கொண்டே நகரும் பழக்கம் வரை, தேர்ந்த வீரர்களின் திறமை முழுதும் அந்த 0.6 விநாடியின் மேல் கட்டப்பட்டது. அதைத் தொடுவது வீட்டுக்கு வெள்ளையடிப்பதல்ல, அஸ்திவாரத்தைப் பெயர்ப்பது. அதனால்தான் இப்படிப்பட்ட எந்தக் கோரிக்கைக்கும் “அது எஞ்சின் வேலை”, அதாவது அடித்தள நிரலையே மாற்றும் வேலை, என்ற பதில் பாதி உண்மையாகவும் பாதி நக்கலாகவும் வந்து விழுகிறது. எவ்வளவு கடினம் என்ற மதிப்பீட்டைச் செய்பவர்களிடமே விட்டுவிட்டு, எவ்வளவு தேவை என்பதை மட்டும் நாம் சொன்னால் போதும்.

ஏற்கெனவே இருப்பதைக் கேட்பது மூன்றாவது தவறு. இதில் என்னையே சாட்சிக்கு அழைக்கிறேன். 28 இடங்கள் கொண்ட பையோடு கைபேசியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, தொட்டால் கீழே போடும் வசதியை அணைக்க மறந்து, மீன்களோடு மீனாக விலையுள்ள ஒரு மோதிரத்தையும் தரையில் போட்டுவிட்டேன். கவனிக்கும்போது அது மறைந்துபோயிருந்தது. அந்த எரிச்சலில், குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் உள்ள பொருளைக் கீழே போடும்போது விளையாட்டு எச்சரிக்க வேண்டும் என்று மூன்று பத்தி எழுதினேன். காரணம், உதாரணம், எதிர்வாதத்துக்குப் பதில் என்று எல்லாம் இருந்தது. முதலில் வந்த பதில் ஒரே வரி: அந்த வசதி செட்டிங்ஸில் இருக்கிறது, எந்த மதிப்புக்கு மேல் எச்சரிக்க வேண்டும் என்பதையும் நாமே குறிக்கலாம். எழுதச் செலவிட்ட அரை மணி நேரத்தில் இரண்டு நிமிடத்தைத் தேடுவதற்குக் கொடுத்திருந்தால் மானம் தப்பியிருக்கும். கோபம் ஆறுவதற்குள் எழுதப்படும் கோரிக்கை பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

ஒரே மூச்சில் பத்துக் கோரிக்கை வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது பிடித்தவர் பிடிக்காத ஒன்றைப் பற்றித்தான் பேசுவார், விவாதம் அங்கேயே நின்றுவிடும். தன்னிடம் பத்தாயிரம் கிடக்கும் பொருளுக்கு வலிமை கூட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, சந்தையில் அதன் விலை ஏறும் என்பதை மறைப்பதும் அப்படியே. விளையாட்டின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சின் விலை எல்லோருக்கும் தெரியும், மறைக்கும் ஆளின் மேல்தான் சந்தேகம் விழும்.

பிறருடைய யோசனையை ஆதரிப்பதிலும் தவறு உண்டு, அதற்கு மைன்கிராஃப்ட் நல்ல பாடம். 2017-இல் அதை உருவாக்கும் மோஜாங் நிறுவனம் நான்கு உயிரினங்களை வாக்குக்கு விட்டபோது, இரவு வானில் பறக்கும் அரக்கன் என்ற யோசனை வென்றது. அது ஃபேன்டம் என்ற பெயரில் 2018-இல் விளையாட்டுக்குள் வந்தது. மூன்று நாள் உறங்காத வீரரை அது வானிலிருந்து பாய்ந்து தாக்கும். விளையாட்டின் ஒரு நாள் 20 நிமிடம் என்பதால், ஒரு மணி நேரம் படுக்காமல் கட்டடம் கட்டிக்கொண்டிருப்பவரின் தலையில் அது வந்து இறங்கும். கேட்டு வாங்கிய அதே உயிரினத்தைத் தொல்லை என்று வீரர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். படத்தையும் இரண்டு வரி வருணனையையும் பார்த்து வாக்களித்தோம், அது என் அன்றாட ஆட்டத்தில் எப்போது, எத்தனை முறை குறுக்கிடும் என்று கேட்கவில்லை. “நன்றாக இருக்கும்” என்று ஆதரிப்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்பது, யோசனை வைத்தவருக்கே செய்யும் உதவி.

இனிக் கேலிக்கு வருவோம். கேலி இல்லாத விளையாட்டு உப்பில்லாத சோறு; அதை ஒழிக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. கேலி எங்கே விழுகிறது என்பதுதான் சங்கதி. ரூன்ஸ்கேப்பில், வீரர்கள் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய வில்டர்னஸ் என்ற ஆபத்தான பகுதியில் ஒருவரை வீழ்த்தியவர், “உட்கார்” என்று பொருள்படும் ‘சிட்’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அந்தப் பகுதிக்குள் நுழைபவருக்கு இது தெரியும். அங்கே அது ஆட்டத்தின் பகுதி. அதே சொல்லை, முதல் முறையாகச் சாதாரண எதிரியிடம் தோற்று உதவி கேட்கும் புதியவரிடம் சொன்னால் அது வேறு பொருளாகிவிடும். செய்த தவற்றைக் கிண்டல் செய்யலாம்: உணவே இல்லாமல் பெரும்போருக்குப் போனதை, வாளுக்குப் பதில் மீன்தூண்டிலை ஏந்தி நின்றதை. செய்தவரின் வயதை, உச்சரிப்பை, நாட்டை, குடும்பத்தைத் தொடும்போது அது ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறது.

தோற்றவரிடம் “ஜிஜி ஈஸி” என்று எழுதுவது உலகெங்கும் பரவிய ஒரு வியாதி. நல்ல ஆட்டம், சுலபமாக வென்றோம் என்று பொருள். முதல் பாதியின் மரியாதையை இரண்டாம் பாதி பிடுங்கிக்கொள்ளும். ஓவர்வாட்ச் என்ற விளையாட்டு இதற்கு அழகான மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தது. அதை யார் தட்டச்சு செய்தாலும், எழுதியவரே தன்னைச் சிறுபிள்ளை என்று ஒப்புக்கொள்வது போன்ற வாக்கியம் ஒன்று அதற்குப் பதிலாகத் திரையில் தோன்றும். யாரையும் தண்டிக்கவில்லை, கேலியைத் திருப்பிவிட்டது, அவ்வளவுதான். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் இந்தப் பக்குவமும் பலிக்காத நிலை வந்தது. எதிரணியோடு பேசும் சாட்டில் வசை மிகுந்ததால், 2021 அக்டோபரில் ரயட் நிறுவனம் அந்த வசதியையே நிறுத்தி வைத்தது. சிலர் எல்லை மீறியதற்கு எல்லோருடைய வாயும் அடைக்கப்பட்டது.

விளையாட்டு வினையாகும் என்பது புதியவரிடம் செய்யும் குறும்பில் அப்படியே பலிக்கும். “உன் கவசத்துக்கு இலவசமாகத் தங்கக் கரை வைத்துத் தருகிறேன், கொடு” என்று வாங்கிக்கொண்டு ஓடுவது ரூன்ஸ்கேப்பின் பழைய ஏமாற்று. இன்று பழையவர்களுக்குள் அந்த வாக்கியம் ஒரு நகைச்சுவை மட்டுமே. யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அருகில் நிற்கும் புதியவருக்கு அது நகைச்சுவை என்று தெரியாது. அவர் உண்மையிலேயே கவசத்தை நீட்டும்போது வாங்காமல் விளக்கிச் சொல்வதுதான் கேலியை முடிக்கும் முறை.

தமிழில் ஆடும் நமக்கென்று ஒரு தனித் தவறும் இருக்கிறது. “போடா லூசு” என்பது நமக்குள் பாதி கொஞ்சல். அதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றி, வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும், குரலைக் கேட்டிராத ஒருவரிடம் தட்டச்சு செய்தால், கொஞ்சல் வழியிலேயே உதிர்ந்து வசை மட்டும் போய்ச் சேரும். அந்நியர் நடுவே இருக்கும்போது நமக்குள் தமிழிலேயே நீளமாகப் பேசிச் சிரிப்பதும் இதன் மறுபக்கம். தம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை.

கேலியும் கோரிக்கையும் ஒன்றாகக் கலந்து கெட்டுப்போகும் இடம், விளையாட்டை உருவாக்குபவரைத் தனியாளாகக் குறிவைத்து ஏசுவது. பிடிக்காத மாற்றத்தை அறிவித்தவர் பெரும்பாலும் அதை முடிவு செய்தவரே அல்ல. அறிவிப்பு அவருடைய வேலை, அவ்வளவே. முடிவை எதிர்ப்பதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2021 செப்டம்பரில், ரசிகர் ஒருவர் நெடுநாள் உழைத்து உருவாக்கிய 117எச்டி என்ற காட்சி மெருகூட்டும் நிரலை வெளியிட வேண்டாம் என்று ஜாகெக்ஸ் கேட்டுக்கொண்டபோது வீரர்கள் பெரிய எதிர்ப்பைக் காட்டினார்கள். அவர்கள் பேசிய விஷயம் தெளிவாக இருந்தது: உழைப்பு முடிந்துவிட்டது, நிறுவனத்தின் சொந்த நிரல் வரும்வரையாவது இதை அனுமதிக்கலாமே. சில நாள்களிலேயே நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அந்தக் கூட்டத்திலும் வசைபாடியவர்கள் இருந்திருப்பார்கள். முடிவை மாற்றியது அவர்களாக இருக்க வாய்ப்பில்லை.

என் மோதிரக் கோரிக்கையை நான் அழிக்கவில்லை. தலைப்பின் முன்னால் “செட்டிங்ஸில் ஏற்கெனவே இருக்கிறது” என்று சேர்த்துவிட்டு, அதை எங்கே தேட வேண்டும் என்பதையும் எழுதி வைத்தேன். எங்கள் கிளானில், அதாவது ஆட்டக் குழுவில், இன்றைக்கும் நான் எதையாவது தொலைத்துவிட்டுப் புலம்பினால், “செட்டிங்ஸைப் பார்த்தீங்களா அண்ணே?” என்று யாராவது ஒரு தம்பி கேட்காமல் விடுவதில்லை.