ஈசிஆர் வீட்டு நீச்சல் குளத்தில் இரவு விளக்கு போடுவது எப்படி

நீலாங்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆர் ஓரத்து வீடுகளில் ஒயரிங் வேலை பார்ப்பது என் தொழில். குளம் கட்டும்போதே விளக்கின் ஒயருக்கு ஒரு பைப் விட்டுவிடுங்கள் என்றால் பாதிப் பேர் காதில் போட்டுக்கொள்வதில்லை. டைல்ஸ் ஒட்டி, தண்ணீர் நிரப்பி, முதல் விருந்தும் முடிந்த பிறகுதான், "அண்ணே, ராத்திரியில ஒண்ணுமே தெரியல, ஒரு லைட் போட்டுக் குடுங்க" என்று போன் வரும். அப்படிப் போன் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது, அவர் செய்வது சரியா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கு வாங்குவதற்கு முன்னால், இருட்டிய பிறகு எங்கே நாற்காலி போட்டு உட்காருவீர்கள், எந்தச் சன்னல் வழியாகக் குளத்தைப் பார்ப்பீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் உட்காரும் பக்கத்துக் குளச் சுவரில்தான் விளக்கு வர வேண்டும். அப்போது ஒளி உங்களை விட்டு விலகி எதிர்ச் சுவரை நோக்கிப் போகும். உங்களுக்கு ஒளிர்கிற தண்ணீர் மட்டும் தெரியும். எதிர்ச் சுவரில் போட்டால் விளக்கு நேராக முகத்தில் அடிக்கும், பத்து நிமிஷத்தில் யாராவது "அதை ஆஃப் பண்ணுப்பா" என்பார்கள். பணம் எவ்வளவு செலவழித்தாலும் இந்த ஒரு முடிவு தப்பினால் எல்லாம் வீண்.

காம்பவுண்டு சுவரில் ஒரு ஃப்ளட் லைட் மாட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மேலேயிருந்து வரும் வெளிச்சத்தில் ஒரு பங்கு தண்ணீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணில் விழும். அந்தப் பளபளப்புக்குக் கீழே தரை மறைந்துவிடும். குழந்தைகள் குளிக்கிற குளத்தில் இரவில் தரை தெரியவில்லை என்றால் அங்கே யாரையும் இறக்கக் கூடாது. தண்ணீருக்குள் விளக்கு போடுவதற்கு முதல் காரணம் அதுதான், அழகெல்லாம் அதற்குப் பிறகு.

எத்தனை விளக்கு? உள்ளே வெள்ளையாகவோ வெளிர் நீலமாகவோ இருக்கும் 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளத்துக்கு, நீளச் சுவர் ஒன்றில் இரண்டு எல்இடி விளக்குகள் நான் போடுவது. ஒவ்வொன்றும் 18 முதல் 35 வாட்டுக்குள் இருந்தால் போதும். இப்போது கறுப்பு, கரும்பச்சை டைல்ஸ் போடுவது ஃபேஷன். அவை ஒளியைக் குடித்துவிடும், அங்கே மூன்றாவது விளக்கு இல்லாமல் நடக்காது. 'எல்' வடிவக் குளமாக இருந்தால் திரும்புகிற மூலைக்குத் தனியாக ஒன்று வேண்டும். படிக்கட்டு இருக்கும் இடத்தில் சின்ன விளக்கு ஒன்று போடுங்கள். வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள்.

ஆழம்: விளக்கின் மேல் விளிம்பு நீர்மட்டத்துக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் கீழே. நம் ஊர் வீட்டுக் குளங்கள் பலவும் நாலடி ஆழம்தான், அதனால் 45-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேலே ஏற்றினால் கண் கூசும். வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்கி விளக்கு வெளியே தலைகாட்டவும் கூடும். பிசின் ஊற்றி அடைத்த எல்இடி விளக்குகள் தம் சூட்டைத் தண்ணீரிடம்தான் இறக்கிவைக்கின்றன. காற்றில் எரிந்தால் சீக்கிரம் செத்துப்போகும்.

நிறத்தைப் பற்றி என் அபிப்பிராயம்: வெள்ளை வாங்குங்கள். ஏழு நிறம் மாறுகிற விளக்கை ஆசையாக வாங்கியவர்கள் பலரும் ஒரு மாதத்தில் வெள்ளையிலோ நீலத்திலோ நிறுத்திவிடுகிறார்கள். நீல ஒளியில் தரை சரியாகத் தெரியாது. விருந்துக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், குளிக்கிறபோது வெள்ளைக்கு மாற்றுங்கள்.

மின்சாரம்

இங்கே கஞ்சத்தனம் கூடாது. சர்வதேச ஒயரிங் விதிகள் குளத்தைச் சுற்றி மூன்று மண்டலம் வரைகின்றன. குளத்தின் உட்புறம் மண்டலம் 0. விளிம்பிலிருந்து 2 மீட்டர் வரை, தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அதைத் தாண்டி இன்னும் 1.5 மீட்டர் மண்டலம் 2. தண்ணீருக்குள் 12 வோல்ட் ஏசிக்கு (மாறுதிசை மின்சாரம்) மேல் போகவே கூடாது. டிசி (நேர்திசை மின்சாரம்) என்றால் 30 வோல்ட் வரை. 230 வோல்ட்டை 12 ஆக்குகிற டிரான்ஸ்பார்மர் விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். பம்ப் ரூம்தான் வழக்கமான இடம். நம் பக்கம் பம்ப் ரூமைத் தரைக்குக் கீழே கட்டிவைப்பார்கள், ஐப்பசி மழையில் அது தொட்டியாகிவிடும். டிரான்ஸ்பார்மரைச் சுவரில் உங்கள் தலை உயரத்துக்கு மேல் மாட்டச் சொல்லுங்கள்.

எந்த டிரான்ஸ்பார்மர் என்பதும் முக்கியம். உள்ளே இரண்டு கம்பிச் சுருளும் தனித்தனியாக, ஒன்றையொன்று தொடாமல் இருக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மராக இருக்க வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் என்று ஒரு வகை உண்டு. அதில் 230-க்கும் 12-க்கும் நடுவே பிரிவே கிடையாது, குளத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. ஃபால்ஸ் சீலிங் ஹாலோஜனுக்கு விற்கிற சின்ன எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரும் வேண்டாம், குளத்து எல்இடி அதில் விட்டு விட்டு எரியும். 35 வாட் விளக்கு இரண்டு என்றால் 150 விஏ (டிரான்ஸ்பார்மர் தாங்கும் சுமையின் அளவு) எடுங்கள். 70 போதுமே என்று கடைக்காரர் சொல்வார். ஏசியில் எல்இடி இழுப்பது எழுதியிருக்கும் வாட்டை விடக் கூடுதல்.

12 வோல்ட் பக்கத்தை எர்த்தோடு சேர்க்கக் கூடாது. எர்த் என்றாலே பாதுகாப்பு என்று பழகிய நல்ல எலக்ட்ரீஷியன்கள்கூட அந்தப் பக்கத்திலும் ஒரு பச்சைக் கம்பியை முடுக்கிவிடுவார்கள். அந்தச் சுற்று பூமியோடு சம்பந்தமே இல்லாமல் தனியாக நிற்பதுதான் அதன் பாதுகாப்பு. 230 வோல்ட் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம். அது அந்தப் பக்கத்தைத்தான் காக்கும். டிரான்ஸ்பார்மருக்கு அப்புறம் நடப்பது அதற்குத் தெரியாது. ஏணி, கைப்பிடிக் கம்பி, பம்பின் உடம்பு, மற்ற உலோகங்கள் எல்லாவற்றையும் 4 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து எர்த் கொடுக்க வேண்டும். ஈரக்கையோடு ஏணியையும் பக்கத்துக் கம்பியையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறவருக்கு இரண்டும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக.

அப்புறம் கேபிள். 12 வோல்ட்டில் ஒயர் மெலிந்தால் விளக்கு மங்கிவிடும். 35 வாட் விளக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். பம்ப் ரூமிலிருந்து 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர் கம்பி. அதில் 1.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் சுமார் 1.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 2.5 என்றால் 0.9, 4 என்றால் 0.55. நான் 20 மீட்டருக்கு 4 போடுகிறேன். ஒவ்வொரு விளக்குக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்து தனிக் கேபிள் இழுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் இரண்டாவது எப்போதும் கொஞ்சம் சோகையாகத்தான் எரியும். சில டிரான்ஸ்பார்மர்களில் 13, 14 வோல்ட் முனைகளும் இருக்கும். தூரம் அதிகமானால் அவை உதவும், ஆனால் விளக்கு எரிகிறபோது அதன் முனையில் மீட்டர் வைத்து, அங்கே 12-ஐத் தாண்டாது என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மாட்டுவது

குளத்தில் ஏற்கெனவே பழைய ஹாலோஜன் இருந்தால் உங்களுக்கு யோகம். பெரிய வட்ட விளக்காக இருந்தால் அது அநேகமாகப் பார் 56 வகை, 12 வோல்ட் 300 வாட். அதே அளவில் எல்இடி கிடைக்கிறது. தண்ணீரை இறக்க வேண்டியதே இல்லை: மெயினை அணைத்துவிட்டு, மேல் ஸ்க்ரூவைக் கழற்றி, பின்னால் சுருட்டிவைத்திருக்கும் கேபிளோடு விளக்கைக் கரைக்குத் தூக்கிவந்து மாற்றலாம். கேஸ்கெட்டை மட்டும் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திருப்பி மாட்டினால் உள்ளே தண்ணீர் போகும்.

பைப்பே இல்லாத குளம்தான் தலைவலி. சுவரைத் துளைத்துப் பின்பக்கமாகக் கேபிள் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் கிழிந்து, விளக்கு எரியும், குளம் ஒழுகும். அதற்குப் பதிலாகச் சுவர்மேல் ஒட்டி நிற்கும் மெல்லிய ஐபி 68 (தண்ணீருக்குள்ளேயே இருக்கத் தக்க) விளக்கை எடுங்கள். டைல்ஸ் இடுக்கில் கேபிளுக்கு ஒரு காடி வெட்டி, நேர் மேலே கொண்டுபோய், விளிம்புக் கல்லுக்கு அடியில் வெளியே எடுத்து, காடியைக் குளத்துக்கான எபாக்சியால் மூடிவிடுங்கள். தாங்கும் ஸ்க்ரூக்களின் துளைகளிலும் எபாக்சி நிரப்பித்தான் முடுக்க வேண்டும். துளை போட பேட்டரி டிரில். பாதித் தண்ணீர் நிற்கிற குளத்துக்குள் 230 வோல்ட் டிரில்லோடு ஆளை இறக்குகிற மேஸ்திரியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இந்த வேலைக்குத் தண்ணீரை விளக்கு வரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை இறக்கினால் போதும். முழுவதும் காலி செய்யாதீர்கள், அதுவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். கடலோரத்தில் அந்த மாதங்களில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும். காலியான குளத்தை அது அடியிலிருந்து நெம்பிவிடும். தளம் விரிசல் விட்டபின் விளக்கைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. சித்திரை, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் ஜாயிண்ட் கிடையாது. விளக்கோடு வரும் கேபிள் முழுசாக வெளியே வந்து, நீர்மட்டத்தை விட உயரமான ஜங்ஷன் பாக்ஸில்தான் இணைய வேண்டும். இணைப்பின்மேல் ஜெல் ஊற்றி மூடுங்கள். பைப் இருக்கும் குளங்களில் பைப்பின் குளத்துப் பக்க வாயையும் அடைக்க வேண்டும், இல்லையென்றால் அதன் வழியே நீர் பாக்ஸைத் தேடி வரும். ஈசிஆரில் உப்புக்காற்று வேறு. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ஸ்க்ரூ பழுப்புக் கறை விடும், 316 கேட்டு வாங்குங்கள். விளக்கின் உடம்பு பிளாஸ்டிக்காக இருந்தால் எனக்கு இன்னும் நிம்மதி.

சுவரில் கை வைக்கவே மனசில்லை என்றால் பேட்டரியில் மிதக்கிற விளக்குகள் இருக்கின்றன. ஒரு ராத்திரி விருந்துக்குச் சரி. தரை தெரிய அவற்றை நம்ப முடியாது. ஆனால் தயவுசெய்து தென்னை மரத்துக்குத் தென்னை மரம் சீரியல் செட் கட்டிக் குளத்துக்கு மேலே தொங்கவிடாதீர்கள். அதில் ஓடுவது 230 வோல்ட். ஒரு மட்டை விழுந்தால் ஒயர் தண்ணீருக்குள். பிறந்தநாள் என்றாலும், கல்யாண நாள் என்றாலும் இதற்கு நான் ஆள் அனுப்புவதில்லை.

கடற்கரையை ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன, குஞ்சுகள் மே வரைகூட வெளிவரும். குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நினைத்து நடக்கும். 1988 முதல் மாணவர் குழு ஒன்று இரவுகளில் இந்தக் கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றிவருகிறது. அவர்கள் வேலையை நம் தோட்ட விளக்கு கெடுக்க வேண்டாம். அந்த மாதங்களில் குளிக்காத நேரம் குளத்து விளக்கை அணையுங்கள், கடலைப் பார்க்கும் தோட்ட விளக்குகளை மூடி போட்டுக் கீழே திருப்புங்கள். ஒரு டைமர் போட்டால் மறதிக்கும் இடமில்லை. தோட்டத்துக்கு மஞ்சள் ஒளி வாங்கினால் மழைக்கால ஈசலும் குறையும். மறுநாள் ஃபில்டர் கூடையில் ஈசல் அள்ளியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு விளக்கையாவது இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். நாலு பேர் தண்ணீரில் இருக்கும்போது கரண்ட் போய்க் கும்மிருட்டானால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், மற்றதில் டிரான்ஸ்பார்மர் உறுமும்.

வேலை முடிந்த அன்று இரவு வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு கறுப்பு ரப்பர் செருப்பில் கல்லைக் கட்டிக் குளத்தின் ஆழமான மூலையில் போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அது தெரிந்தால் எலக்ட்ரீஷியனுக்குப் பாக்கியைக் கொடுக்கலாம். தெரியவில்லை என்றால் வாட்டை ஏற்றுவதற்கு முன் தண்ணீர் கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், சுவிட்ச் தானாகக் கீழே விழ வேண்டும். போர் தண்ணீரில் விளக்குக் கண்ணாடிமேல் வெள்ளைப் படலம் படியும். விளக்கை அணைத்துவிட்டு வினிகர் தோய்த்த துணியால் துடைத்தால் போய்விடும், இரும்பு நார் படக்கூடாது. மழைக்காலம் முடிந்ததும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அடைப்பை மாற்றிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.