கல்லூரியில் சேரும் முன் 'கற்றல் விளைவுகள்' பக்கத்தைப் படிப்பது எப்படி?

பிளஸ் டூ முடிவு வந்ததும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதி வீடுகளில் கட்டணமும் பேருந்து வசதியும்தான் முதலில் பேசப்படுகின்றன. இரண்டும் நியாயமான கவலைகளே. ஆனால் மூன்றாண்டு படித்து முடித்தவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்பது பாடத்திட்டத்திலேயே 'கற்றல் விளைவுகள்' என்ற தலைப்பில் அச்சாகியிருந்தும், அதைப் புரட்டிப் பார்ப்பவர் குறைவு.

படி 1: பாடத்திட்டத்தை வகுப்பவர் யார் என்று அறியுங்கள். டெல்டாவின் கல்லூரிகள் பல, 1982இல் தொடங்கிய திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. அவற்றுள் 1854இல் தோன்றிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துத் தேர்வையும் தாமே நடத்துகின்றன. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். திருவாரூர் அருகே நீலக்குடியில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகமோ தன் பட்டத்தைத் தானே வழங்குவது.

படி 2: நீங்கள் சேரும் ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தை இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பழையது பயன்படாது.

படி 3: விளைவுகளைப் படியுங்கள். படிப்பு முழுமைக்கும் உரியவை பி.ஓ. (புரோகிராம் அவுட்கம்); ஒவ்வொரு தாளுக்கும் உரியவை சி.ஓ. (கோர்ஸ் அவுட்கம்). முன்னவை எங்கும் ஏறக்குறைய ஒரே வாசகங்கள்தாம் என்பதால் விரைந்து கடக்கலாம். சி.ஓ. வரிகளில்தான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெரும்பாலும் கே1 முதல் கே6 வரை ஒரு குறியீடு இருக்கும். அவை கற்றலின் ஆறு படிநிலைகள், முறையே: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல். ஒரு தாவரவியல் தாளில் 'நெல்லின் குலைநோயைப் பற்றி விவரிப்பர்' என்று இருந்தால் அது கே2. 'வயலில் கண்ட அறிகுறிகளைக் கொண்டு நோயைப் பிரித்தறிவர்' என்றால் கே4. முன்னதற்குப் புத்தகம் போதும். பின்னதற்கு வயலும் நுண்ணோக்கியும் வேண்டும். வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு வந்தாலே ஒரு தாளின் தரம் பாதி தெரிந்துவிடும்.

படி 4: எழுதியிருப்பதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கே4 என்று குறித்துவிட்டு அந்தப் பருவத்தில் (செமஸ்டரில்) செய்முறை வகுப்பே இல்லையென்றால், அந்தக் குறியீடு ஒப்புக்குப் போட்டதென்றே நான் எடுத்துக்கொள்வேன். முந்தைய ஆண்டு வினாத்தாளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 'வரையறு', 'குறிப்பு வரைக' என்பவையே நிறைந்திருந்தால் மாணவர் மனப்பாடம் செய்துதான் தேறுகிறார். கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் (NAAC) தரும் தரமதிப்பீடு, கல்லூரி முழுமைக்கும் உரியது. ஒரு துறையின் ஆய்வகத்தைப் பற்றி அது தனியே சொல்லாது.

படி 5: வேலை நாளில் ஒருமுறை நேரில் செல்லுங்கள். இறுதியாண்டு படிக்கும் அண்ணனையோ அக்காவையோ பார்த்து, அடிக்கோடிட்ட வரி ஒன்றைக் காட்டி, "இதை எந்த வாரம், எந்த ஆய்வகத்தில் செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.