மேட்டில் இழுக்காத ஸ்கூட்டர்: பெல்ட் பெட்டிக்குள் செய்யக்கூடாத தவறுகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு நடுவே கியர் இல்லாத ஸ்கூட்டர்களும் இப்போது நிறையவே ஏறுகின்றன. வீடு இந்தப் பக்கம். வேலை கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ சூரியநெல்லியிலோ. பின்னால் ஓர் ஆள், கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை. "அண்ணே, மேட்டில் இழுக்கவில்லை" என்ற வார்த்தையோடுதான் பலரும் என் பட்டறைக்குள் நுழைகிறார்கள்.

சென்ற மழைக்காலத்துக்கு முன் வந்த இளைஞர் ஒருவர், தானே பெல்ட் பெட்டியைத் திறந்து கனமான ரோலர்களைப் போட்டிருந்தார். ரோலர் என்பது முன் புல்லிக்குள் இருக்கும் சிறு எடை; எஞ்சின் சுற்றச் சுற்ற அது வெளியே தள்ளி, பெல்ட்டை உயர் கியருக்கு ஏற்றும். எடை கூடினால் சீக்கிரமே ஏற்றிவிடும், எஞ்சினின் சுற்று குறையும். பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கு டர்போ பொருத்துகிறவர்கள் கிளட்சின் எடையைக் கூட்டுவதைக் காணொளியில் பார்த்திருக்கிறார். "அதுவும் இதே பெல்ட் கிளட்ச்தானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டும் ஒரே குடும்பம்தான்: முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே ஒரு பெல்ட். ஆனால் டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதனால் எஞ்சினின் முறுக்குவிசை கூடுகிறது, உயரத்தில் காற்று மெலிந்தாலும் சக்தி அவ்வளவாகக் குறைவதில்லை. அந்தக் கூடுதல் விசையைத் தாங்கிப் பிடிக்கக் கனமான எடை வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். நம் 110 சிசி ஸ்கூட்டரின் நிலை இதற்கு நேர் எதிர். போடிமெட்டு கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல். போடியில் இருக்கும் காற்றைவிட அங்கே காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைகிறது. குறைந்த சக்திக்குக் கனத்த ரோலரைப் போட்டதால், அவர் வண்டி ஏழாவது வளைவைத் தாண்டவில்லை.

கிளட்ச் எஞ்சினுக்குச் சக்தி எதையும் கூட்டித் தராது. எஞ்சின் எந்தச் சுற்றில் நன்றாக இழுக்குமோ அந்தச் சுற்றிலேயே அதை நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. பலரும் இதை மறந்துவிட்டு ரோலரை மாற்றத் தொடங்குகிறார்கள். 110 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில் அதிகபட்ச முறுக்குவிசை நிமிடத்துக்கு 5,500 சுற்றை ஒட்டியும், அதிகபட்ச சக்தி 8,000 சுற்றை ஒட்டியும் கிடைக்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் மேடேறும்போது எஞ்சின் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும்; 5,500க்குக் கீழே விழுந்தால் திணறும். ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிக் கட்டும், எஞ்சின் சுற்றைக் காட்டும் சிறிய டாக்கோமீட்டர் கிடைக்கிறது. அதை வாங்காமல் காதால் மட்டும் கேட்டு ரோலர் மாற்றுவதை நான் விட்டுப் பல வருடங்களாகின்றன.

ரோலரின் கணக்கு எளிது. ரோலர் வெளியே தள்ளும் விசை, எடையையும் சுற்று வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. எடையைப் பத்து சதவீதம் குறைத்தால் அதே விசைக்கு எஞ்சின் ஏறத்தாழ ஐந்து சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். 15 கிராம் ரோலருக்குப் பதிலாக 13.5 கிராம் போட்டால், மேட்டில் 6,000 சுற்றில் நின்ற எஞ்சின் 6,300க்கு வரும். போடிமெட்டு ஏற்றத்துக்கு இந்த அளவு மாற்றமே பெரும்பாலும் போதும். 'பிக்கப்' வேண்டும் என்று ஒரேயடியாக 10 கிராமுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி சமவெளியில் அலறும், தேனிச் சாலையில் பெட்ரோல் குடிக்கும், பெல்ட் சூடேறித் தேயும். மைலேஜுக்காகக் கனமான ரோலர் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: மலையில் திணறிக்கொண்டு ஏறும் எஞ்சின் பெட்ரோலை மிச்சப்படுத்தாது.

ஆனால் ரோலரைத் தொடுவதற்கு முன் பழைய ரோலரை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். தேய்ந்ததென்றால், உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகி, உருளாமல் 'தட்' என்று உட்காரும். அந்த ரோலர் சறுக்குமே தவிர உருளாது. அதே எடையில் புது ரோலர் போட்டதுமே வண்டி சரியாகிப் போனதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஏர் ஃபில்டரில் தூசு, டயரில் காற்றுக் குறைவு, பின் பிரேக் உரசுவது இவற்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். பெல்ட்டின் அகலத்தை வெர்னியர் வைத்து அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். தேய்ந்து ஒடுங்கிய பெல்ட் புல்லிக்குள் ஆழமாக இறங்கிவிடும். புறப்படும் இழுவையும் போகும், கடைசி வேகமும் போகும்.

ரோலரையும், பின் புல்லியை அழுத்தி மூடும் கான்ட்ரா ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கடினமான ஸ்பிரிங் போட்டாலும், ரோலரை இலேசாக்கியது போலவே எஞ்சினின் சுற்று கூடும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வளைவில் வேகம் குறைத்து, திரும்பியதும் மறுபடி ஆக்சிலரேட்டரைத் திருகும்போது வண்டி சில நொடி யோசித்துவிட்டுக் கிளம்புகிறதா? அது பெரும்பாலும் ரோலரின் குற்றமல்ல. பின் புல்லியின் சரிவுப் பள்ளத்தில் ஓடும் சிறு முளை தேய்ந்திருக்கும், அல்லது அங்கே கிரீஸ் காய்ந்திருக்கும். அந்த இடத்துக்குக் கிரீஸ் வேண்டும். ரோலர் ஓடும் பாதை பெரும்பாலான மாடல்களில் உலர்ந்தே இருக்க வேண்டும். 'வழுக்கி ஓடட்டும்' என்று அங்கே தடவும் கிரீஸ் சூட்டில் உருகிப் பெல்ட்டில் தெறிக்கும். பிறகு பெல்ட் வழுக்கும்.

பெல்ட் மாற்றும்போது நடக்கும் ஒரு தவறைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். புது பெல்ட் விறைப்பாக இருக்கும். பின் புல்லியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதற்குள் ஆழமாக அழுத்தி இறக்கினால்தான் முன்பக்கம் தொய்வு கிடைக்கும். அப்படிச் செய்யாமல் முன் தட்டை, அதாவது முன் புல்லியின் வெளித் தட்டை, வைத்து நட்டை முறுக்கினால், தட்டுக்கும் நடுவிலுள்ள புஷ்ஷுக்கும் இடையே பெல்ட் மாட்டிக்கொள்ளும். குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும்; ஆனால் நட்டு இறுகியது பெல்ட்டின் மேல்தான். இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட் நகரும், நட்டு தளரும், தட்டின் உள்பல் மழுங்கும். வேறொரு பட்டறையில் பெல்ட் மாற்றிய வண்டி ஒன்று பதினோராவது வளைவில் நின்றது. மினி லாரியில் ஏற்றி இறக்கினோம். திறந்தால் தட்டின் பற்கள் சீவிவிட்டது போல வழவழவென்று இருந்தன. கிராங்க் தண்டின் பற்களிலும் பாதி போயிருந்தன. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை எஞ்சினைப் பிரிப்பதில் போய் முடிந்தது. நட்டை முறுக்கிய பிறகு முன் புல்லியைக் கையால் சுற்றி, முன் தட்டு பெல்ட்டில் மாட்டாமல் நேராகச் சுழல்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

நட்டைக் கழற்றும்போது முன் தட்டின் விசிறி இதழ்களுக்குள் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்துப் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். ஓர் இதழ் உடைந்தால் சமநிலை கெடும், பெல்ட்டுக்குப் போகும் காற்றும் குறையும். பிடிப்பதற்கென்றே கருவி இருக்கிறது.

சோதனை ஓட்டத்தைப் போடி புறவழிச்சாலையில் முடித்துவிடாதீர்கள். மலைக்காகச் செய்த மாற்றத்தை மலையில், நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு பாருங்கள். புறப்படுமுன் முன் தட்டின் முகத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மலையிலும் சமவெளியிலும் ஓட்டிவிட்டுத் திறந்தால், பெல்ட் தொட்ட இடம் வரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்கு அருகில் வரை அழியாவிட்டால், சமவெளியில் உங்கள் வண்டி தன் முழு வேகத்தை எட்டவில்லை என்று பொருள்.

ஏற்றத்தில் ஜீப்புக்கு வழிவிட்டு நிற்கும்போது ஆக்சிலரேட்டராலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் அதிகம். எஞ்சின் சுற்று கூடும்போது விரிந்து, சக்கரத்தைச் சுற்றும் டிரம்மைப் பற்றுவது கிளட்ச் ஷூ. பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசும் அந்த ஷூ கருகி, வெளி டிரம் நீலம் பாய்ந்துவிடும். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள்.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருள்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. எஞ்சின் சுற்றாவிட்டால் கிளட்ச் ஷூ விரியாது. எஞ்சினின் தடுப்பு ஒரு துளியும் கிடைக்காமல், முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். 17 வளைவுகளுக்குள் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும், வளைவில் மிக மெதுவாகப் போனால் ஷூ விட்டுவிடும். அதன்பின் வண்டி வேகம் பிடித்தாலும் தானாகப் பிடிக்காது. அப்போது ஆக்சிலரேட்டரை இலேசாக ஒருமுறை திருகி விடுங்கள். ஷூ மறுபடி டிரம்மைப் பற்றும், எஞ்சின் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது உங்கள் கைக்கே தெரியும்.