தேக்குக் கப்பலுக்கு வெப்பாலை மரம்: எச்.எம்.எஸ். டிரிங்கோமலியை 1:64 அளவில் கட்டும் முறை

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. பம்பாயில் ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய கப்பல் அது. 1816இல் ஏரா (கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிமரம்) போட்டு 1817 அக்டோபர் 12இல் நீரில் இறக்கினார்கள். இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் மலபார்த் தேக்கில் கட்டினார்கள். வடிவம் லீடா வகை. 1782இல் ஆங்கிலேயர் பிடித்த பிரெஞ்சுக் கப்பல் எபேயைப் பார்த்து வரைந்தது. பம்பாய்க்கு அனுப்பிய முதல் வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலோடு போயின. அந்தக் கப்பலை 1812 கடைசியில் அமெரிக்கர்கள் பிடித்துவிட்டதால் வேறு படி வரும்வரை வேலை காத்திருந்தது.

மாதிரி கட்டுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. லீடா வகைக் கப்பல்களின் வரைபடங்கள் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படி விலைக்குக் கிடைக்கும். ஆனால் வெட்டத் தொடங்குமுன் எந்த ஆண்டின் கப்பலைக் கட்டப் போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும். 1840களில் பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, பின்புறத்தையும் மாற்றிக் கட்டினார்கள். பழைய வரைபடத்தை வைத்து உடலைக் கட்டிவிட்டு, இன்றைய புகைப்படத்தைப் பார்த்துப் பின்புறத்தைச் செதுக்கினால் எந்தக் காலத்திலும் இல்லாத கப்பல்தான் வரும். இங்கே சொல்வது 1817இன் தோற்றத்துக்கு.

கணக்கு

1:64இல் ஓர் அடி 4.76 மி.மீ., ஓர் அங்குலம் 0.4 மி.மீ. பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 150 அடி, அதாவது மாதிரியில் 714 மி.மீ. அகலம் சுமார் 40 அடி, 190 மி.மீ. வரைபடத்தைக் கடையில் பெரிதாக்கி அச்சடித்ததும் முதல் வேலையாக இந்த இரண்டு அளவையும் எஃகு அளவுகோலால் சரிபாருங்கள். உருளை அச்சு இயந்திரம் நீளவாக்கில் ஒரு சதவீதம் இழுத்துவிட்டால்கூட 7 மி.மீ. போய்விடும், பிறகு தளமும் வங்கும் (கப்பலின் விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டம்) ஒன்றோடொன்று சேராது.

இன்னொரு பொறி: பிரிட்டிஷ் கடற்படை வரைபடத்தின் உடற்கோடு வங்குகளின் வெளிவிளிம்பைத்தான் காட்டும், பலகையின் தடிமன் அதில் சேராது. அசல் பலகை 3 முதல் 4 அங்குலம், மாதிரியில் ஏறத்தாழ 1.4 மி.மீ. நாம் ஒட்டப்போவது 1.5 மி.மீ. முதல் அடுக்கும் 0.5 மி.மீ. இரண்டாம் அடுக்கும், ஆக 2 மி.மீ. எனவே வங்குத் தட்டுகளைச் சுற்றிலும் 0.6 மி.மீ. உள்வாங்கி வெட்ட வேண்டும்.

மரம்

தேக்குக் கப்பலைத் தேக்கிலேயே செய்ய வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். கப்பலை 64 மடங்கு சுருக்கலாம், மரத்தின் ரேகையைச் சுருக்க முடியாது. தேக்கின் துளைகள் இந்த அளவில் பலகையில் விழுந்த விரிசல் போலத் தெரியும். அதிலுள்ள சிலிக்கா உளியின் முனையை மழுக்கும், எண்ணெய்ப் பசை ஒட்டுப் பிடிக்கவிடாது. தேக்கு நிறம் வேண்டுமானால் சாயத்தில் கொண்டுவாருங்கள்.

நம்மூரில் இதற்கென்றே பிறந்ததுபோல ஒரு மரம் உண்டு: வெப்பாலை. சன்னபட்டணத்துப் பொம்மைகள் இதில்தான் கடையப்படுகின்றன. வெளிர் நிறம், ரேகை தெரியாத நெருக்கம். செதுக்கினால் விளிம்பு உதிராது. இரண்டாம் அடுக்கு, தளம், முன்முனைச் சிற்பம் எல்லாவற்றுக்கும் இது போதும். மஞ்சக்கடம்பும் நன்றாக வரும். வங்குகளுக்கு நடுவே நிரப்பும் கட்டைகளுக்குக் குமிழ் மரம். எலும்புக்கூட்டுக்கு 5 மி.மீ. பிளைவுட். கடையிலேயே அதைக் கண்ணாடி மேசைமீது படுக்கவைத்துப் பாருங்கள், நடுவில் தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் வாங்காதீர்கள்.

எலும்புக்கூடு

நடுவில் நீளவாக்கில் ஏராப் பலகை, அதில் குறுக்கே 20 வங்குத் தட்டுகள், சுமார் 35 மி.மீ. இடைவெளியில். முன்முனையான அணியத்திலும் பின்புறத்திலும் வளைவு வேகமாக மாறுவதால் அங்கே நெருக்கமாக வையுங்கள். காடி விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் கேட்கும் காடி ஏராவை வளைக்கும். அந்த வளைவு பாய்மரம் நட்டபின்தான் கண்ணில் படும், அப்போது திருத்த வழியில்லை.

18 மி.மீ. பிளாக்போர்டில் ஒரு மையக்கோடு கீறி, இரும்பு எல்-ஆங்கிள்களால் ஏராவை இருபுறமும் இறுக்கிப் பிடியுங்கள். ஒவ்வொரு வங்கும் மட்டக்கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஃபெவிகால். பாய்மரம் இறங்கும் மூன்று குழிகளையும் இப்போதே ஏராவில் பெட்டிபோல அடைத்து வையுங்கள். மூன்று மரங்களின் சாய்வும் ஒன்றல்ல, வரைபடத்திலிருந்து தனித்தனியாக எடுக்க வேண்டும்.

அடுத்தது, வங்கு விளிம்புகளைச் சீவிச் சரிசெய்யும் வேலை. அலுப்பானது, ஆனால் கப்பலின் அழகு இதில்தான் தீர்மானமாகிறது. 30 செ.மீ. கட்டையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டி, ஒரே நேரத்தில் மூன்று நான்கு வங்குகளைத் தொடும்படி தேயுங்கள். சிறு துண்டுத் தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் பள்ளம் விழும். பிறகு 1.5 × 5 மி.மீ. பட்டை ஒன்றை முன்னிருந்து பின்வரை படிய வையுங்கள். எங்காவது வங்கைத் தொடாமல் மிதந்தால் அங்கே மெல்லிய வெனீர் ஒட்டி உயர்த்துங்கள், முட்டினால் சீவுங்கள். ஐந்தாறு உயரங்களில் இப்படிப் பார்க்க வேண்டும்.

பலகை போர்த்துதல்

நடு வங்கில் மேல்பட்டையின் கீழ்விளிம்பிலிருந்து ஏரா வரை ஒரு தாள் நாடாவால் அளந்தால் ஏறத்தாழ 150 மி.மீ. வரும். 5 மி.மீ. பட்டையானால் 30 வரிகள். அதே தூரம் அணியத்தில் 90 மி.மீ.தான் என்றால் ஒவ்வொரு பட்டையும் முனையில் 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் முழு அகலத்திலேயே ஒட்டிக்கொண்டு போனால், பத்தாவது வரியில் பட்டை மேலே திரும்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பட்டையைப் பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் குறைவாகக் கூர்மையாக்காதீர்கள். அந்த இடத்தில் இரண்டு வரியை ஒன்றாக்கி முடியுங்கள். பின்புறத்தில் நிலைமை தலைகீழ்: இடம் விரியும், ஆப்பு வடிவத் துண்டு செருக வேண்டும்.

பட்டையை 20 நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து, சால்டரிங் அயர்ன் கொண்டு வளைத்து, கிளிப் போட்டு இடத்திலேயே காயவிடுங்கள். காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டியது அகலத்தில் சுருங்கி மறுநாள் இடைவெளி காட்டும். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என்று மாறிமாறிப் போடுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து வரி ஏற்றினால் ஏரா வில்லாகும். ஃபெவிகுவிக்கை வங்கு விளிம்பில் ஒரு சொட்டுப் பிடிமானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக அதை நம்பினால் தட்டியதும் விடும், வெளியே கசிந்த இடத்தில் வெள்ளை பூக்கும். ஒரு பக்கத்துக்கு 30 வீதம் 60, உடைவதற்குச் சேர்த்து 75 பட்டைகள் வாங்கினால் சரியாக இருக்கும்.

பீரங்கிச் சாளரங்கள் பக்கத்துக்கு 14. இவற்றின் அடிவிளிம்பு தளத்தின் வளைவைப் பின்பற்றும், நீர்மட்டக் கோட்டை அல்ல. பக்கவிளிம்புகள் ஏராவுக்குச் செங்குத்தாக நிற்கும். ஆகவே சாளரம் சதுரம் அல்ல, லேசாகச் சாய்ந்த சதுரம். அளவுகோலை நேராக வைத்து 14ஐயும் கீறினால் நடுவில் உள்ள பீரங்கி வானத்தையும் ஓரத்தில் உள்ளது தரையையும் பார்க்கும். ஒரு பீரங்கி வண்டியை முன்கூட்டியே செய்து, தளத்தின்மேல் நகர்த்திக்கொண்டே குழல் உயரத்தைக் குறியுங்கள். வேறு எந்த அளவும் வேண்டாம்.

தளம்

தளப்பலகை 4 மி.மீ. அகலம், 115 மி.மீ. நீளம், இது அசலில் 10 அங்குலத்துக்கும் 24 அடிக்கும் சமம். பலகைகளுக்கு நடுவே நீர் கசியாமல் அடைத்த கலப்பத்துக் கோட்டுக்குக் கறுப்புத் தாளை ஒட்டுபவர்கள் உண்டு. அது 1:64இல் கைப்பிடிக் கயிறு அளவுக்குத் தடித்துத் தெரியும். பலகையின் ஒரு விளிம்பில் 2பி பென்சிலை ஓட்டினால் போதும். மர ஆணி அடிக்கும் ஆசை இருந்தால், வாசனை பூசாத ஊதுபத்தி மூங்கில் குச்சியைத் துளைத்தகட்டில் இழுத்து இழுத்து 0.4 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். மூங்கில்தான் அந்த அளவில் உடையாமல் வரும். 1 மி.மீ. ஆணி போட்டால் தளத்துக்கு அம்மை கண்டதுபோல இருக்கும். தளம் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ வேண்டும் என்பதை வங்கு வெட்டும்போதே மறக்கக்கூடாது.

செம்புத் தகடு

கப்பற்புழு துளைக்காமலிருக்க நீர்மட்டத்துக்குக் கீழே செம்பு போர்த்துவார்கள். அசல் தகடு 4 அடிக்கு 14 அங்குலம். மாதிரியில் 19 × 5.6 மி.மீ. வண்ணக்கண்ணாடி வேலைக்கு விற்கும் ஒட்டும் செம்பு நாடாவில் 7/32 அங்குல அகலம் கிடைக்கிறது. அது 5.56 மி.மீ., கேட்டு வாங்கியதுபோலப் பொருந்தும். இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 1,800 தகடு தேவைப்படும். நாடா 34 மீட்டருக்கு மேல் செலவாகும் என்பதால் 33 மீட்டர்ச் சுருள் ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே தடவையில் வாங்கியதாக இருக்கட்டும், நிறம் மாறும்.

மரத்தில் சாண்டிங் சீலர் இரண்டு கை அடித்து, தேய்த்து, தூசியை முழுக்கத் துடைத்த பிறகே தொடங்க வேண்டும். தூசியில் ஒட்டிய தகடு ஒரு கோடையிலேயே சுருளும். பின்புறத்தில் ஏராவை ஒட்டித் தொடங்கி முன்நோக்கியும் மேல்நோக்கியும் போங்கள். முன்தகடு பின்தகட்டின்மேல் அரை மி.மீ. ஏறியிருந்தால்தான் ஓடும் நீர் விளிம்பைக் கிளப்பாது. கையுறை கட்டாயம், இல்லாவிட்டால் விரல்ரேகை ஒரு வாரத்தில் கறுத்துக் காட்டும். ஆணித்தலை பொறிக்கும் கருவிகள் விற்கிறார்கள். அசலில் அரை அங்குலத் தலை இங்கே 0.2 மி.மீ., கண்ணுக்கே தெரியாது. கருவி போடுவதோ கொதிகலன் ஆணி. வேண்டாம். பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பூசைப் பாத்திரத்தைக் கழுவலாம், இதைக் கழுவ முடியாது; நீர் உள்ளே போனால் பலகை உப்பும்.

மேலே கறுப்பு, பீரங்கி வரிசையில் வெள்ளைப்பட்டை, சாளரக் கதவின் வெளிப்புறம் கறுப்பு. எல்லாம் மினுக்கமில்லாத மேட் பூச்சாக இருக்கட்டும். முதலில் வெள்ளை அடித்து, நாடா ஒட்டி, நாடாவின் விளிம்பில் மறுபடி வெள்ளையையே ஒரு கை தடவிக் காயவிட்டு, அதன்பின் கறுப்பு. கசிவது வெள்ளையாகவே இருப்பதால் கோடு கத்தி வெட்டியதுபோல வரும்.

பீரங்கி

பீரங்கித் தளத்தில் 18 பவுண்டர், அதாவது 18 பவுண்டு எடைக் குண்டு எறியும் பீரங்கி, 28. குழல் நீளம் ஏறத்தாழ 4 செ.மீ. பித்தளையில் ஒன்றைக் கடைந்து, சிலிகான் அச்செடுத்து மற்றவற்றை ரெசினில் வார்க்கலாம். மேல்தளத்துக்குக் கீழே மறையும் பீரங்கிகளுக்கு முழு வண்டி செய்வது வீண் உழைப்பு. சாளரத்துக்குப் பின்னால் ஒரு கட்டை ஒட்டி, அரைக்குழலைச் செருகுங்கள். நடுத் திறப்பில் தெரியும் பீரங்கிகளுக்கு மட்டும் வண்டி, நான்கு உருளை, பின்கயிறு, கப்பி எல்லாம் வேண்டும்.

பாய்மரமும் கயிறும்

மரக்கம்பை டிரில்லில் சுழற்றித் தேய்ப்பது எளிது, ஆனால் நடுவில் இடுப்பு விழும். சதுரக் கம்பில் தொடங்கி, இழைப்புளியால் எட்டுப் பட்டை, பதினாறு பட்டை ஆக்கி உருட்டுங்கள். பாயைக் கட்டும் குறுக்குக் கம்பான பருமலையும் அப்படியே. துணிப் பாய் மாட்டாமல் விடுவதே மேல்: எவ்வளவு மெல்லிய மல்லானாலும் இந்த அளவில் சாக்கு மாதிரி இருக்கும், பாடுபட்டுக் கட்டிய கயிற்றையும் மறைக்கும்.

கயிற்று அட்டவணையில் அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய பட்டியலில் ‘9 அங்குலக் கயிறு’ என்றால் அது சுற்றளவு. விட்டம் 2.9 அங்குலம்தான், மாதிரியில் 1.15 மி.மீ. அதை விட்டம் என்று எடுத்தால் 3.6 மி.மீ. வரும், மாட்டுக்கயிறு கட்டிய கப்பல் ஆகிவிடும். பருத்தி நூல் மழைக்காலத்தில் இறுகி வெயிலில் தளரும், பாலியெஸ்டர் நிலையாக நிற்கும். தேன்மெழுகில் இழுத்தால் பிசிர் படியும். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை, எனவே கறுப்புக்கு நெருங்கிய பழுப்பு. பாயை இயக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு.

பக்கக் கயிறுகளை இணை இணையாக, வலப்புறம் ஒன்று இடப்புறம் ஒன்று என்று ஏற்றி, அவற்றை இறுக்கிக் கட்டும் மூன்று கண் வட்டுகளுக்கு (மூன்று துளையுள்ள மரவட்டு) நடுவே ஒரே இடைவெளி வர ப வடிவக் கம்பியால் பிடித்துக் கட்டுங்கள். அதில் ஏணிப்படிக் கயிறு 5.2 மி.மீ.க்கு ஒன்று. கோடு போட்ட வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்தால் கண் வலிக்காது. ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி இழுத்தால் பக்கக் கயிறுகள் உள்வாங்கி உடுக்கை வடிவாகும். நடுக்கயிற்றில் முதலில் முடிச்சிட்டு, இருபுறமும் தளர்வாகப் போய், ஓர முடிச்சில் மட்டும் நீர்த்த ஃபெவிகால் தொடுங்கள். 26 மி.மீ. உயரத்தில் ஓர் அட்டை மாலுமியை வெட்டி வைத்துக்கொண்டு, அவன் இந்தப் படியில் ஏற முடியுமா, இந்தக் கப்பியைத் தூக்க முடியுமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துப் பாருங்கள். பெரிதாகப் போன சாமான் உடனே காட்டிக்கொடுக்கும்.

கயிறு ஏறிய பிறகு தூசி தட்ட வழியில்லை. அதனால் கண்ணாடிப் பெட்டியை முன்பே செய்து வையுங்கள், முன்சாய்கம்பின் நுனியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் 10 செ.மீ. விட்டு. பின்பலகையில் 10 மி.மீ. துளை இரண்டு போட்டு, எறும்பு நுழையாத நுண்வலை ஒட்டுங்கள். முழுக்க அடைத்த பெட்டியில் பெயிண்ட், பசை ஆவி வெளியேற வழியில்லாமல் கண்ணாடியின் உட்புறம் மங்கும்.