குக்கரில் அரிசிம்பருப்பும் கொள்ளும்: புதிதாகச் சமைக்கிறவர்களுக்கு

குக்கர் சமையலைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை விசில்?’ என்றுதான். அதை மட்டும் வைத்துச் சமைத்தால் ஒரு நாள் குழையும், ஒரு நாள் வேகாது. பெரிய பர்னரில் தீயைக் கூட்டி வைத்தால் நாலு விசில் சில நிமிடங்களில் வந்துவிடும். சிம்மில் வைத்தால் அதே நாலு விசிலுக்குக் கால் மணி நேரம்கூட ஆகலாம். முதல் விசில் வந்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறிவிட்டது, சூடு 120 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு எவ்வளவு தீ எரித்தாலும் சூடு கூடாது. நீராவியும் கேஸும்தான் வீண். அதனால் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கீழே சொல்லும் நேரமெல்லாம் அப்படி எண்ணியதுதான்.

மூடுவதற்கு முன்

மூடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெயிட் உட்காரும் குழாயின் துளை வழியாகப் பாருங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும். ஒரு பருப்புத் தோல் அடைத்திருந்தாலும் ஊசியோ துடைப்பக் குச்சியோ விட்டு எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். மூடியின் ரப்பர் வளையமான கேஸ்கட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் ஒரு சோற்றுப் பருக்கை போதும், பக்கவாட்டில் ஆவி கசிய.

அரிசி, பருப்பு, பயறு எல்லாமே நுரைத்துப் பொங்கும். தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

அரிசிம்பருப்பு: நாலு பேருக்கு, 5 லிட்டர் குக்கர்

கொங்கு வீடுகளில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்துக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் கைகொடுப்பது இதுதான். தாளிப்பு, பருப்பு, சோறு மூன்றும் ஒரே பாத்திரத்தில் நடப்பதால் குக்கரைப் பழகிக்கொள்ளவும் இதைவிட நல்ல சாப்பாடு இல்லை. அளவுக்கு 200 மில்லி டம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலேயே அளங்கள்.

பொன்னி புழுங்கல் அரிசி 1½ டம்ளர், துவரம்பருப்பு ½ டம்ளர், தண்ணீர் 6 டம்ளர். பச்சரிசி என்றால் தண்ணீர் 5½ டம்ளர் போதும். உரித்த சின்ன வெங்காயம் 20, பூண்டு 8 பல், நடுத்தரத் தக்காளி 2, வரமிளகாய் 4, ஒரு கொத்து கறிவேப்பிலை. கடுகு அரை டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், மல்லித்தூள் ஒன்றரை டீஸ்பூன், தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். கடலை எண்ணெயும் ஆகும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் கிடைத்தால் அதன் மணமே தனி. பெரிய வெங்காயம் போட்டால் சாதம் இனித்துவிடும், சின்ன வெங்காயத்தை விடாதீர்கள்.

1. அரிசியையும் பருப்பையும் ஒன்றாக மூன்று தண்ணீர் கழுவி, அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறவைக்காமல் விட்டால் அரிசி வெந்து பருப்பு மட்டும் கடுக்கென்று நிற்கும்.

2. குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது பொரிந்து அடங்கியதும் சீரகம், மிளகு, மிளகாய், கறிவேப்பிலை. அடுத்து வெங்காயமும் பூண்டும். வெங்காயம் பாதி கண்ணாடியாகி ஓரம் லேசாகச் சிவந்தால் போதும்.

3. தக்காளி, மஞ்சள்தூள், மல்லித்தூள் போட்டுத் தீயைக் குறைத்து வதக்குங்கள். தக்காளி கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது மசாலா அடியில் ஒட்டத் தொடங்கும். அப்போது அரை டம்ளர் தண்ணீரை ஊற்றி, கரண்டியின் தட்டை முனையால் அடியை முழுக்கச் சுரண்டிவிடுங்கள். அரிசிம்பருப்பு அடிப்பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒட்டிய மசாலாவை அப்படியே விட்டு மூடினால், தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அது கருகி, மொத்தச் சாதத்திலும் தீய்ந்த வாடை ஏறிவிடும். இந்த அரை டம்ளரும் 6 டம்ளர் கணக்கில் சேர்ந்ததுதான்.

4. மீதித் தண்ணீரை ஊற்றி, இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். ஒரு சொட்டு வாயில் வைத்துப் பாருங்கள். உப்பு ஒரு கல் தூக்கலாகத் தெரிய வேண்டும். அரிசி இழுத்துக்கொண்டதும் சரியாகிவிடும்.

5. ஊறிய அரிசி பருப்பைத் தண்ணீர் வடித்துப் போடுங்கள். ஊறிய தண்ணீரோடு கொட்டினால் அளவு கெட்டுக் களியாகிவிடும். தேங்காய்த் துருவலைப் போட்டு ஒரு கிளறு கிளறி மூடுங்கள். வெயிட்டைத் தனியாகக் கழற்றும் குக்கர் என்றால், குழாயில் ஆவி ஒரே சீராகச் சீறி வந்தபிறகு போடுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறினால்தான் சூடு முழுதாக ஏறும்.

6. நடுத்தரத் தீயில் முதல் விசில். பிறகு சிம்மில் 8 நிமிடம், பச்சரிசிக்கு 6. அடுப்பை அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக அடங்கும்வரை தொடாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பருப்பு பூவாகக் குழைவது அந்த நேரத்தில்தான்.

திறந்தவுடன் பருப்பும் தேங்காயும் மேலே மிதந்து, கொஞ்சம் தண்ணீராகத் தெரியும். பயந்து மறுபடியும் அடுப்பில் வைக்க வேண்டாம். ஓரத்திலிருந்து மெதுவாகப் புரட்டி ஐந்து நிமிடம் விட்டால் தளதளவென்று சேர்ந்துவிடும். இறுகிப்போனால் கொதிக்கும் வெந்நீர் அரை டம்ளர் விட்டுக் கிளறுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தனித்து நிற்கும். ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய் ஒரு கரண்டி, கெட்டித் தயிர், சுட்ட அப்பளம் இருந்தால் வேறு தொடுகறி தேடத் தேவையில்லை.

கொள்ளு: ஒரு வேக்காட்டில் இரண்டு பதார்த்தம்

கொள்ளில் கல் அதிகம். முறத்திலோ தட்டிலோ பரப்பிப் பொறுக்குங்கள். ஒரு டம்ளர் கொள்ளை ராத்திரியே ஊறவைத்து, காலையில் புதுத் தண்ணீர் 4 டம்ளர் ஊற்றி, முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 25 நிமிடம் வேகவிடுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும்.

வடித்த தண்ணீர் ரசத்துக்கு. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கித் தாளியுங்கள். வெந்த கொள்ளு, கொள்ளுப் பருப்புக்கு: ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மல்லி ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், வரமிளகாய் 3, சின்ன வெங்காயம் 8, பூண்டு 4 பல் வதக்கி ஆறவையுங்கள். உப்புப் போட்டு, கொள்ளோடு மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு சுற்று. மைய அரைத்துவிடாதீர்கள், கொரகொரப்பில்தான் கொள்ளுப் பருப்பின் ருசியே இருக்கிறது.

பச்சைப்பயறு இன்னும் சுலபம். வாசம் வரும்வரை வறுத்து, மூன்று பங்கு தண்ணீரில் முதல் விசிலுக்குப் பிறகு 8 நிமிடம் வைத்து, மத்தால் கடைந்து தாளித்தால் கடைசல் தயார். தட்டைப்பயற்றுக் குழம்புக்குப் பயறு வெந்தபிறகே புளி ஊற்றுங்கள். புளி முதலிலேயே சேர்ந்தால் தோல் இறுகி, பயறு நறுக்கென்றே நிற்கும்.

சரியாக வராதபோது

நேரம் சரியாக இருந்தும் பருப்பு வேகவில்லையா? பருப்பு பழசாக இருக்கலாம், அல்லது உப்புத் தண்ணீராக இருக்கலாம். போர் தண்ணீரில் சமைக்கும் ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். வேகவைக்க மட்டுமாவது நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். நீலகிரி மேலே இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் கூட்ட வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கருக்குள்ளும் சூடு அதற்கேற்பக் குறையும்.

விசிலோடு மஞ்சள் தண்ணீர் தெறித்தால் அளவு கூடியிருக்கும், அல்லது தீ கூடியிருக்கும்.

விசிலே வராமல் ஆவி பக்கவாட்டில் போனால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் போட்டால் அன்றைக்குச் சமாளிக்கலாம், ஆனால் அந்த வாரமே புதிது வாங்கிவிடுங்கள். சேஃப்டி வால்வு உருகிப்போனால், ஒன்று தண்ணீர் வற்றியிருக்கும், அல்லது குழாய் அடைத்திருக்கும். காரணத்தைச் சரிசெய்துவிட்டு, அதே கம்பெனியின் அதே மாடலுக்கான வால்வையே போடுங்கள். வேறு எதையாவது திருகி அடைத்து ஓட்டினால் குக்கர் வெடிக்கும்.