இசைப் படத்த ஏரியா ஜனத்தோட உக்காந்து பாக்குறது எப்படி

பாட்ட மட்டும் யூடியூப்ல நாலு நிமிஷம் பாத்துட்டு போறவங்களுக்குத்தான் இது. இசைய வெச்சே நடக்குற படத்துல பாட்டு தனியா நிக்காது, அதுக்கு முன்னாடி அந்த ஆளு யார்கிட்ட கோச்சுக்கினு இருக்கான், எதுக்கு ஏங்குறான்னு தெரிஞ்சாத்தான் மெட்டு நெஞ்ச புடிக்கும். தில்லானா மோகனாம்பாள் (1968) பாருங்க. 'நலந்தானா' தனியா கேட்டாலும் நல்ல பாட்டுதான், ஆனா கத்தி பட்ட கையோட நாயனக்காரர் சண்முகசுந்தரம் வந்து வாசிக்கிறாரு, அத்தினி பேர் நடுவுல வாய்விட்டு விசாரிக்க முடியாம மோகனா ஆடிக்கினே பாட்டுல நலம் கேக்குறாங்கன்னு புரிஞ்சு பாத்தீங்கன்னா கண்ணு தானா கலங்கும். அதனால மொத ரூல், ஆரம்பத்துலேந்து போடுங்க, எதையும் ஓட்டாதீங்க.

அடுத்து சவுண்டு, இங்கதான் நெறைய பேர் கோட்ட விடுறாங்க. போன் ஸ்பீக்கர்ல மிருதங்கத்தோட வலது பக்கம் மட்டும்தான் டிக் டிக்னு கேக்கும், ரவா பசை ஒட்டி வாசிக்கிற அந்த தொப்பிப் பக்கத்து, அதாவது இடது பக்கத்து, கும்கின்ற கனமான சத்தம் சுத்தமா காணாம போயிடும், மனச அசைக்கிறதே அதுதான். சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட ஒரே ஒரு பாக்ஸ் வாங்குங்க, போதும். அவரு கல்யாண வீட்டுக்கு வெக்கிற மாதிரி பேஸ ஏத்தி வெச்சிருப்பாரு, கொஞ்சம் எறக்க சொல்லுங்க. நாயனம் தெறந்த வெளி வாத்தியம், காசிமேடு பக்கம் மொட்டை மாடில கேட்டா ரூமவிட நல்லாவே இருக்கும், என்ன, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் வீடுன்னா கண்டெய்னர் லாரி சத்தம் இருக்கும், பாக்ஸ அதுக்கு முதுக காட்டி வைங்க.

யார கூப்புடுறதுன்னா, வாசிக்கிறவங்கள கண்டிப்பா கூப்புடுங்க. கானா பாடுற பசங்க, சாவு மேளம் அடிக்கிற அண்ணன், சர்ச் கொயர்ல பாடுற அக்கா. சர்வம் தாளமயம் படம் போட்டப்போ எங்க தெரு மேளக்கார அண்ணன் எதுவுமே பேசல, மிருதங்கம் செய்ற அப்பா தோல இழுத்து வார் புடிக்கிற எடத்துல மட்டும் அவரு வெரல் ரெண்டும் தொடைல தானா தட்ட ஆரம்பிச்சிருச்சு. வாத்தியம் செய்யற வீட்டுப் புள்ளைக்கு மேடையில எடம் இல்லன்ற கதை அவருக்கு யாரும் வெளக்க வேண்டியதில்ல. அப்புறம் ரொம்ப நேரம் அவருதான் பேசுனாரு, தோலப் பத்தி, வெயில்ல காய வெக்கிறதப் பத்தி, கூலியப் பத்தி.

பாக்குறப்போ பாடுறவங்க முகத்த மட்டும் பாக்காதீங்க, கேக்குறவங்க முகத்தையும் பாருங்க. சிந்து பைரவியில (1985) 'பாடறியேன்' நாட்டுப்புறப் பாட்டா ஆரம்பிச்சு தியாகராஜர் கீர்த்தனைல போய் சேருது, படத்துல ரெண்டும் ஒரே சாரமதி ராகம். இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கிக் குடுத்த படம். ராகம் பேரு தெரியலன்னாலும் பரவால்ல, அந்த சேருற எடத்துல ஒடம்பு சிலிர்க்குதான்னு பாருங்க.

ஒண்ணு மட்டும், அந்தப் படத்துல பாடகர் ஜேகேபி குடியில விழுந்து ஒரு பாட்டிலுக்காக பாடுற கட்டம் வரும். நம்ம ஏரியால அதால அடி வாங்காத குடும்பம் கம்மி. முன்னாடியே சொல்லிடுங்க, நடுவுல யாராவது அக்கா எழுந்து கீழ எறங்குனா ஏன்னு கேக்காம வழி விடுங்க, கூட ஒருத்தர் டீயோட போய் பக்கத்துல உக்காந்தா போதும்.